ரோட்டுக்கு வாடகை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பா நன்றாக இருக்கிறார், நானும் நன்றாக இருக்கிறேன், இதை நெஞ்சில் போட்டுக்கொண்டு மற்றதைப் படி. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஃபோனில் சொல்ல வேண்டிய விஷயம்தான், பாதியில் நான் அழுதுவிடுவேன், நீ உடனே டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வருவாய். அதனால்தான் எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் தெருவை கேஸ் பைப் கம்பெனிக்காரர்கள் தோண்டிப் போட்டது உனக்குத் தெரியும். வாசல் கேட்டுக்கு முன்னால் ஆள் உயரக் குழி, தாண்ட ஒரே ஒரு பலகை. மெயின் ரோட்டிலும் பாதியை வெட்டிவிட்டதால் அப்பா ஓட்டுகிற பஸ் ஊர்ந்துதான் போகும். ஏறுகிறவர்கள் எல்லாரும் ஏதோ டிரைவர்தான் ரோட்டைத் தோண்டியதுபோல அவர் மேல் பாய்வார்கள். அந்தக் கோபத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து குழி ஓரத்தில் நின்று வேலையாட்கள் மேல் கொட்டுவார். எப்போது கேட்டாலும் "நாளைக்கு முடிஞ்சிரும் ஐயா" என்பார் குழி வேலையைப் பார்க்கும் மேஸ்திரி. அப்பா அவருக்கு 'நாளைக்கு' என்றே பேர் வைத்துவிட்டார். சொன்ன மாதம் போய் அடுத்த மாதமும் போயிற்று, குழி அப்படியே கிடந்தது.

அப்பாவுக்கு லீவு நாள் அது. மத்தியானம் வழக்கம்போலக் கத்துவதற்கு வெளியே போனவர் சத்தமே இல்லாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். போய்ப் பார்த்தால் சட்டை முழுக்க வியர்வை, கை நெஞ்சில். உடனே ஃபோன் போட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் பலகையில் ஏறாது. மேஸ்திரிதான் சத்தம் போட்டார், "எல்லாரும் குழிக்குள்ள இறங்குங்கடா, ஐயாவ தலைக்கு மேல தூக்குங்க!" இடுப்பளவு சேற்றில் வரிசையாக நின்றார்கள். ஸ்ட்ரெச்சரைக் கை மாற்றிக் கை மாற்றித் தலைக்கு மேலேயே அந்தப் பக்கம் சேர்த்தார்கள். அப்பா யார் யாரைத் திட்டினாரோ அத்தனை பேர் கையும் அவரைத் தாங்கிற்று. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், பிழைத்தார் என்றார் டாக்டர். அந்தக் குழிக்கரையில் நின்று கும்பிட்ட கை இன்னும் இறங்கவில்லை கண்ணு.

அப்பா வீட்டுக்கு வந்த சமயம், நகரசபையில் ஒரு பேச்சு கிளம்பியது. ரோட்டைத் தோண்டுகிற கம்பெனி சொன்ன நாளில் மூடாவிட்டால், மேற்கொண்டு ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கட்ட வேண்டும், ஜனங்களும் வந்து கருத்துச் சொல்லலாம் என்று. அப்பா என்னைப் பார்த்து, "நீ போய்ப் பேசு. நான் போனா கத்திடுவேன், டாக்டர் கத்தக் கூடாதுன்னுட்டார்" என்றார். போகலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் மேஸ்திரி அப்பாவைப் பார்க்க ஆப்பிளோடு வந்தார். காலில் சேறு என்று உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "வாடகை போடட்டும்மா, நியாயந்தான். ஆனா கம்பெனி அத எங்க கூலியிலதான் பிடிக்கும். பைப்பே வரல, தோண்டு தோண்டுன்னாங்க, தோண்டினோம். குழிக்குள்ள உக்காந்து பைப்ப நாங்களா பெத்துப்போட முடியும்?" என்றார். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மேஸ்திரி போன பிறகு அப்பா, "இதையும் சேர்த்துச் சொல்லிடு" என்றார்.

தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே பழகியவள், நான் எங்கே மைக் பிடித்தேன்? ஆனாலும் நகரசபைக் கூட்டத்துக்குப் போனேன். டை கட்டிய கம்பெனி அதிகாரி மழை, தவிர்க்க முடியாத காரணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். என் முறை வந்ததும் கேட்டேன், "துணி கைக்கு வராம நான் கத்திரிக்கோலையே தொடறதில்ல. பைப் வராம எங்க வாசல ஏன் சார் வெட்டினீங்க? வாடகை போடுங்க, நல்லா உறைக்கிற மாதிரி போடுங்க. ஆனா அது கம்பெனி கல்லாவுலேருந்து வரணும். குழியில நிக்கிறவங்க கூலியில கை வைக்கக் கூடாது. அவங்க தலைக்கு மேலதான் என் வீட்டுக்காரர் உயிரோட போனார்." மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேஸ்திரி! சேறில்லாமல் அடையாளமே தெரியவில்லை.

வாடகை விதி நிறைவேறிவிட்டது, கூலியில் பிடிக்கக் கூடாது என்ற வரியும் சேர்ந்தே வந்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே, இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்ததோ, லாரி லாரியாகப் பைப் வந்து இறங்கிற்று. குழி மூடித் தாரும் போட்டாயிற்று. வேலை முடிந்த அன்று எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். தையல் துணியையெல்லாம் கட்டில்மேல் ஒதுக்கி முன்னறையில் இடம் பண்ணினேன். அப்பா உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து அவரே தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று விசாரித்தார். மேஸ்திரியின் மகளும் உன்னைப்போலத் தூர தேசத்தில்தான் இருக்கிறாளாம், நர்ஸ் வேலையாம். மகள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்த இருவரும் எழுந்திருக்கவே இல்லை.

அப்பாவுக்கு இப்போதைக்கு டிப்போவில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். உப்பைக் குறைத்துவிட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுகிறார். படித்துவிட்டு அழாதே, ஞாயிற்றுக்கிழமை ஃபோன் போடு, குட்டியைப் பேசச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் அலையவிடாதே. உன் குடும்பம் நீண்ட ஆயுளோடு நிறைந்து வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். இன்னொன்று, மறக்காதே. உன் தெருவிலும் யாராவது ரோட்டைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாமல் நின்று ஒரு வார்த்தை பேசு. அவர்களுக்கும் எங்கோ ஒரு வீட்டில் இப்படிக் கடிதம் எழுதுகிற அம்மா இருப்பாள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா