முன்சக்கரத்துக் காற்று

மார்ச் 3, செவ்வாய்

அச்சகத்தில் என் வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள். விடிவதற்குள் கிளம்ப வேண்டும். திங்கள் முதல் மகள் தனியாகத்தான் சைக்கிளில் பள்ளிக்குப் போகப்போகிறாள். வழியில் செங்குத்தான இறக்கம் ஒன்று இருக்கிறது. பிரேக்கை சைக்கிள் கடைக்காரர் சரிபார்த்துவிட்டார். டயர்? அதை அவள்தான் தினமும் பார்த்தாக வேண்டும். காற்றின் அளவு காட்டும் பம்பு ஒன்று வாங்கி வந்தேன்.

மார்ச் 4

முதல் பாடம். டயரைச் சுற்றிப் பார், கண்ணாடிச் சில்லு குத்தியிருக்கிறதா என்று. வால்வு கோணியிருக்கிறதா பார். கட்டைவிரலால் அமுக்கு. டயர் ஓரத்தில் இருக்கும் எண்ணைத் தாண்டி அடிக்காதே. காற்று இறங்கிக்கொண்டே இருக்கிற வண்டியில் இறக்கத்துப் பக்கமே போகாதே. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு பம்பின் மேல் விழுந்து விழுந்து அடித்தாள், அளவு தாண்டியும் நிறுத்தவில்லை. கல் மாதிரி இருந்தால் நல்லதுதானே என்கிறாள். வெயிலில் வெடிக்கும் என்று கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம்.

மார்ச் 5

பெட்ரோல் பங்க் மெஷினில் சைக்கிளுக்குக் காற்று அடிக்கவே கூடாது, அந்த வேகத்தை டியூப் தாங்காது – சொன்னேனா? நாளைக்கு மறுபடி சொல்ல வேண்டும்.

மார்ச் 6

விரல் டயரில், கண் தெருவில். "ஓகேப்பா." கடனே என்று செய்கிறாள். மனைவியிடம் புலம்பினேன். "நீங்க தலைமேலயே நின்னா அவ எதுக்குப் பாக்கணும்?" என்றாள். சரிதான். ஆனால் நான் இல்லாதபோது பார்ப்பாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மார்ச் 8, ஞாயிறு

அவள் குளிக்கப் போன நேரத்தில் முன்சக்கரத்தில் பாதிக் காற்றை இறக்கிவிட்டேன். சொந்த வீட்டில் திருட்டு முழி.

மார்ச் 9

அச்சகத்தில் கை வேலையில் நிற்கவில்லை. மனைவி ஃபோன் செய்யும்வரை உயிர் என்னிடம் இல்லை. அமுக்கிப் பார்த்தாளாம், அளவு பார்த்துக் காற்றடித்துக்கொண்டு போனாளாம். என் பெண்!

மார்ச் 10

இன்று இரவு பின்சக்கரத்தில் இறக்கினேன். நேற்று பார்த்தது தற்செயலாக இருந்தால்? எனக்கே கேவலமாக இருக்கிறது.

மார்ச் 11

சைக்கிள் வீட்டில் நிற்கிறது. நடந்தே பள்ளிக்குப் போயிருக்கிறாள். காற்று இறங்குகிற வண்டியில் போகக் கூடாதென்று அப்பா சொன்னார் என்றாளாம். மாலையில் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. "யாரோ வேணும்னே காத்தைப் புடுங்கியிருக்காங்க." மகள் முகம் சிவந்தது. நேராக மாடி வீட்டுக்குப் போய், நீதானே செஞ்சே என்று தன் தோழியோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள். அந்தப் பெண் அழுதது கீழே வரை கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. என்ன மனுஷன் நான்?

மார்ச் 12

சொல்லிவிட்டேன்.

"என்னை நம்பலையாப்பா?" அவ்வளவுதான் கேட்டாள். நம்பலதான். அதை எப்படிச் சொல்றது?

இருவரும் மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். தோழி சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை.

மார்ச் 14

சைக்கிளைத் துடைத்து வைத்திருக்கிறாள். என்னோடு இன்னும் பேசவில்லை.

மார்ச் 16, திங்கள்

விடிகாலையில் கிளம்பும்போது வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுப்பினாலும் எழாதவள். நான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து ஏறி உட்கார்ந்தேன்.

"நில்லுங்கப்பா."

ஸ்கூட்டரின் பின்சக்கரம் அமுங்கிக் கிடந்தது. அவள்தான் காற்றை இறக்கியிருக்கிறாள். அவள் பக்கத்தில் பம்பு தயாராக இருந்தது.

"அமுக்கிக்கூடப் பாக்கலையே. இதுக்கு எவ்வளவு அடிக்கணும்?"

இத்தனை வருடமாக ஓட்டுகிறேன், தெரியவில்லை. இருவரும் குனிந்து, சேற்றைத் துடைத்து, வண்டியில் ஒட்டியிருந்த தாளில் எண்ணைத் தேடினோம். அவள் படித்தாள், நான் அடித்தேன். போதும் என்றபோது நிறுத்தினேன். வால்வு மூடியை அவளே திருகினாள். "பாத்துப் போங்க. போய்ச் சேந்ததும் ஃபோன் பண்ணுங்க."

போய்ச் சேர்ந்ததும் செய்தேன். அவள் டயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி நானே பார்த்துக்கொள்வேன் என்று நம்புகிறாள்.