எட்டுப் பெண்பனைக்கு ஓர் ஆண்பனை

என் ஆசை அப்பாவுக்கு,

போர்வைக்குள் ரோச் லைற் வெளிச்சத்தில் எழுதுகிறேன். முன் அறையில் சித்தப்பா படுத்திருக்கிறார். உங்களைக் கொன்ற பிறகும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். கொன்றது அவர் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டுந்தான் தெரியும்.

உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவான வளவுக் காணியில் ஐந்து ஆண்பனைகள் நின்றன. காய்க்காத மரம்தானே என்று சித்தப்பா நான்கைக் கூரை மரத்துக்கு விற்றார். அயல் காணிக்காரரும் அப்படியே தறித்தார்கள். அதன் பிறகு எங்கள் எட்டுப் பெண்பனைகளிலும் பழம் குறைந்தது. மூன்று கொட்டை இருக்கவேண்டிய பழத்தில் ஒன்றுதான் இருந்தது. பாத்தியில் போட்ட கொட்டைகளில் பாதி கிழங்கு விடவில்லை. பூந்தூள் கொடுக்க ஆண்மரம் போதாது என்று நீங்கள் சொன்னீர்கள். கிழங்கும், அதைக் காயவைத்த ஒடியலும் விற்றுச் சாப்பிடுகிற நாங்கள் அதை ஏன் காதில் வாங்கவில்லை, அப்பா?

மாசியில், கடைசி ஆண்பனையில் பாளை விரியத் தொடங்கிய நேரம், சித்தப்பா மரம் அரிகிற மெசினோடு இரண்டு பேரைக் கூட்டிவந்தார். அம்மா சந்தைக்குப் போயிருந்தார். நான் காய்ச்சலோடு குசினிக்குள், அடுப்படி யன்னலோரம் கிடந்தேன். நீங்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"காய்க்காத மரத்துக்கு ஏன் அண்ணை இந்தப் பாடு? கலியாணம் கட்டிவைக்கப் போறியளோ?" சித்தப்பா சிரித்தார்.

"உது விழுந்தா எட்டும் மலடு. விடமாட்டன்."

முதல் அடி சித்தப்பாவின் கோடரிப் பிடியால். உங்கள் பல் தெறித்து மண்ணில் விழுந்தது. நீங்கள் கையை எடுக்கவில்லை. அடுத்தது கோடரியின் வாயால். அந்த அடியை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்; சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது உங்களை இழுத்துப் போட்டுவிட்டு மரத்தை அரிந்தார்கள். அது விழுந்தபோது மஞ்சள் தூள் எழும்பி உங்கள் இரத்தத்தில் படிந்தது. பிறகு மரத்தை உங்கள் மேல் புரட்டினார்கள்.

குசினிக்குள் வந்த சித்தப்பா என் கழுத்தில் கை வைத்தார். "மரம் சரிஞ்சு விழுந்ததைத்தானே பிள்ளை நீ கண்டனீ?"

"ஓம்" என்றேன். பொலிசுக்கும் அதையே சொன்னேன்.

மறுநாள் விடியக் கள்ளுச் சீவுகிற மணியண்ணையிடம் அந்தப் பூந்தூளையாவது காப்பாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். விழுந்த மரத்தின் பாளைகளை வெட்டி, கிணற்றடிப் பெண்பனையில் ஏறிக் கட்டிவிட்டார். இன்று அதில் நுங்கு வெட்டித் தந்தார். எல்லாக் காயிலும் மூன்று கண், அப்பா. மற்ற மரங்களில் ஒற்றைக்கண் காய் சில. இரண்டு மரத்தில் காயே இல்லை. நீங்கள் சொன்னது சரி.

நாளை சாவகச்சேரிக் கோர்ட்டில் உங்கள் மரண விசாரணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். சித்தப்பாதான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகிறார். ஆனாலும் அந்த "ஓம்" பொய் என்று சொல்லுவேன். அவர் எதிரே நின்று முறைத்தாலும், நீங்கள் மரத்தைப் பிடித்த மாதிரிச் சாட்சிக் கூண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கையை எடுக்கமாட்டேன்.

அன்றைக்குக் குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டிருந்த
உங்கள் மகள்