உபய விளக்கும் என் முதுகும்

பக்கத்து வீட்டு கேட்டுக்கு இன்று பெயிண்ட் அடிக்கிறார்கள். தின்னர் வாசம் என் அறை வரைக்கும் வந்துவிட்டது. அந்த வாசம் வந்தாலே நீயும் பின்னாலேயே வருவது போல இருக்கிறது. சட்டை, தலைமுடி, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றிலும் அதைப் பூசிக்கொண்டுதான் கம்பெனியிலிருந்து திரும்புவாய். அங்கே நீ அடித்த பெயிண்ட் ஸ்ப்ரே புகைதான் கடைசியில் உன் நெஞ்சைத் தின்றது. முகமூடி கேட்டபோது கைக்குட்டை கட்டிக்கொள்ளச் சொன்னவர்கள், உன் சாவுக்கு மாலை மட்டும் பெரிதாக வாங்கி வந்தார்கள்.

உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது, நீ வரைந்த படத்தைப் பற்றி. முதலில் சிரிப்பாய், அப்புறம் என்னைத் திட்டுவாய்.

ஓசூரில் லைன் வீட்டில் நாம் ஒரே அறையில் இருந்த காலம். நான் சாமல்பட்டிக்காரன், நீ தேன்கனிக்கோட்டைப் பக்கம். உங்கள் சர்ச் காலண்டரில் வந்த ஏதோ ஒரு பழைய இத்தாலிப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாய். இயேசுவைத் தூணில் கட்டி அடிக்கிறார்கள். முக்கால் படம் கும்மிருட்டு. ஒரு பக்கமாக வருகிற வெளிச்சம் அவர் உடம்பில் மட்டும் விழுகிறது. சாமி என்பதால் வெளிச்சம் போலிருக்கிறது என்றேன்.

"போடா. அடி வாங்கறவன் மேலதான் வெளிச்சம். அடிக்கிறவன் மூஞ்சியப் பாரு, இருட்டுல கெடக்குது. எல்லா ஊர்லயும் அப்பிடித்தான்" என்றாய்.

அந்தப் படத்தையே பெரிதாக வரைந்து தரச் சொல்லி சர்ச்சில் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வரைய ஆரம்பித்தாய். அந்தச் சமயத்தில்தான் என் விவகாரம் நடந்தது. பிரஸ் மெஷினில் என்னோடு நின்றவனின் விரல்கள் போயின. தடுப்பு போடாமல் மெஷினை ஓட்ட மாட்டேன் என்று நிறுத்திவிட்டேன். லேபர் கான்ட்ராக்டர் என்னை ஷெட்டுக்குப் பின்னால் வரச்சொன்னான். இரண்டு பேரை விட்டுக் கைகளைப் பிடிக்கவைத்து, மெஷின் பெல்ட்டால் அவனே அடித்தான். "இனிமே நிறுத்துவியா குரு? சொல்லு குரு." பெங்களூர்ப் பழக்கம், அவனுக்கு எல்லோரும் குருதான். பார்த்தவர்கள் அத்தனை பேரும் பார்க்கவில்லை என்றார்கள். போலீஸில் நான் வண்டியிலிருந்து விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள்.

நீ மருந்து போட்டுவிட்டாய். பிறகு ஜன்னலைப் போர்வையால் மூடி, கதவை ஒரு சாண் மட்டும் திறந்து வைத்து, சட்டையில்லாமல் பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாய்.

"என்னாத்துக்குடா என்னைப் போய் வரையற?" என்று கத்தினேன்.

"போலீஸ்ல எழுதிக்கல இல்ல? நான் எழுதிக்கறேன். அசையாத நில்லு."

காலண்டரில் இயேசு நம்மைப் பார்த்து நிற்பார். நீ அவரைத் திருப்பி நிறுத்தினாய். வரி வரியாகக் கன்றிப்போன முதுகு முழு வெளிச்சத்தில். சவுக்கு ஓங்கிய சிப்பாய்க்குக் கான்ட்ராக்டரின் முகம். அதே முறுக்கு மீசை, அதே பிளந்த மோவாய்.

படத்தை மாட்டிய அன்று பெண்கள் அழுதார்கள். ஒரு அம்மா அந்த முதுகைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார். நான் அடி வாங்கும்போது என் கைகளைப் பிடித்த இருவரில் ஒருவன் அவருடைய மகன்தான். நிஜ முதுகு பின்வரிசையில் சட்டைக்குள் வலித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து யாரும் அழவில்லை.

சிப்பாயின் முகத்தைக் கண்டுபிடித்தவர்கள் சர்ச் கமிட்டிக்காரர்கள். பதறிப்போனார்கள். "மூஞ்சிய இருட்டாக்கிடு தம்பி. அவரு காதுக்குப் போச்சுன்னா நம்ம பசங்க வேல போயிடும்." நீ பழுப்பு நிறத்தைக் குழைத்துப் பூசினாய். உன்னை அன்று கோழை என்றேன். நீ கோபப்படவில்லை. "மெல்லிசா ஒரு கோட்டு பெயிண்டுதாண்டா அடிச்சிருக்கேன். இங்க எரியற அழுமூஞ்சி பல்புக்கு அது போதும். நல்ல வெளிச்சம் ஒண்ணு வரட்டும், அப்பப் பாரு" என்றாய். அதற்குள் நீ போய்விட்டாய்.

வெளிச்சம் வந்தது. கொண்டுவந்தது யார் தெரியுமா? அவனேதான், அந்தக் கான்ட்ராக்டர். திருவிழாவுக்குச் சிறப்பு விருந்தினர், படத்துக்கென்று பெரிய ஃபோகஸ் லைட் உபயம். நம் ஊரில் ட்யூப்லைட் கொடுத்தாலே வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பெயர் எழுதுவார்கள். இவன் லைட்டுக்குக் கீழே தனி போர்டே மாட்டியிருந்தான். போன ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் கையாலேயே ஸ்விட்சைப் போட்டான். நீ பூசிய இருட்டு, வெயிலில் பிடித்த பழைய வேட்டி மாதிரி ஆகிவிட்டது. உள்ளே அவன் முகம், மீசை, மோவாய், ஓங்கிய கை.

இப்போது யாராவது கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு பெண் சொன்னாள்: "லைட்டு குடுத்தவரையே படத்துல சேத்துட்டாங்க பாரு!"

கைதட்டினார்கள். அவன் கிட்டே போய்ப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டான். "ரோமன் சோல்ஜரா? சூப்பரா இருக்குது." பாவிகள், கமிட்டிக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அப்புறம் பக்கத்தில் நின்ற என்னிடம் போனை நீட்டினான். "குரு, ஒரு போட்டோ எடு குரு."

என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவன் பார்த்தது என் முதுகைத்தானே. போனைத் தரையில் அடித்து நொறுக்கத்தான் வாங்கினேன். "நான் எழுதிக்கறேன்" என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. நாலடி பின்னால் தள்ளி, முதுகும் சவுக்கும் அவனுடைய இரண்டு முகங்களும் ஒன்றாக விழுகிற மாதிரி எடுத்தேன்.

"வெளிச்சம் சரியா இருக்குதா குரு?"

"சரியா இருக்குது சார்."

அந்தப் போட்டோவைத்தான் திருவிழா வாழ்த்துகளோடு ஃப்ளெக்ஸ் அடித்து பஸ் ஸ்டாண்டில் கட்டியிருக்கிறான். அடிக்கிறவன் இருட்டில் கிடப்பான் என்றாயே, அது தப்புடா. இந்த ஊரில் பஸ் ஸ்டாண்டைவிட வெளிச்சமான இடம் கிடையாது. ராயக்கோட்டை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் அந்த ஃப்ளெக்ஸின் நிழலில்தான் ஒதுங்கி நிற்கிறார்கள். ஷிஃப்டுக்குப் போகும்போதெல்லாம் என் முதுகை நானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிறேன். அது யாருடைய முதுகு என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் காட்டுவதற்குச் சட்டைக்குள் வைத்திருக்கிறேன்.