அத்தா பார்த்த மூன்று விமானப் படங்கள்

என் செல்ல அம்மாவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. இந்த வாரம் அத்தாவும் நானும் சேர்ந்து பார்த்த விமானப் படங்கள் மூன்று. ஒழுங்காகத் தரையிறங்கிய விமானம் ஒன்றுகூட இல்லை. எனக்கு அலுத்துவிட்டது.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ போகும்போது மூன்று மாதக் கர்ப்பமாக இருந்த தங்கச்சி நஸ்ரினுக்கு இப்போது எட்டாகிறது. அவள் பிரசவத்துக்குத் துபாய் போக நீ எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் கிடக்கிறது. "அம்மாதான் இல்ல, அத்தாவாவது பக்கத்துல இருக்கட்டும்ணே" என்று போனில் அழுகிறாள். அத்தாவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. அவர்தான் ஏற மாட்டேன் என்கிறார்.

ஏன் என்று கேட்டால் சினிமாவைக் காட்டுகிறார். அவர் பெற்ற மகன் விமானம் பழுது பார்க்கிறவன். தினமும் அந்த இறக்கைக்கு அடியில்தான் நிற்கிறேன். என் பேச்சைவிட டிவி பேச்சு பெரிதா? அதனால்தான் பெங்களூரில் லீவு சொல்லிவிட்டு பேகம்பூர் வீட்டுக்கு வந்தேன். அவர் பயந்த படங்களையே போட்டு, பொய்யைப் பொய் என்று காட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. "எல்லாரும் அழுகுற சீன்ல இவன் ஒருத்தன் ரெக்கைய எண்ணிக்கிட்டு இருப்பான்" என்று ரிமோட்டால் மண்டையில் தட்டுவாய். இப்போது தட்ட ஆள் இல்லை. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன்.

"பாருங்கத்தா, கெளம்புறப்ப நாலு இன்ஜின். மேல போனதும் ரெண்டு. மிச்ச ரெண்ட யாரு கழட்டுனா?"

"கழட்டுறவன் நீதான? நீயே சொல்லு."

கதாநாயகன் நடுவானில் கதவைத் திறந்தான். உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கதவைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கும், பத்து பயில்வான்கள் சேர்ந்து இழுத்தாலும் வராது என்றேன். விமானிகள் இரண்டு பேரும் பின்னால் திரும்பிக் கதை பேசினார்கள். அதையும் திட்டினேன். மேகத்தில் குலுங்கி இறக்கை வளைந்தபோது மட்டும், "இது நெசம். வளையத்தான் செய்யும், அதுக்குத்தான் அப்புடிச் செஞ்சிருக்கு" என்றேன். அத்தா நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டு அவர் கேட்டார்: "எல்லாம் பொய்யிங்கிற. கடைசில வயக்காட்டுல எறங்கி அம்புட்டுப் பேரும் பொழைக்கிறானுகளே, அதுவும் பொய்தானப்பா?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

மூன்றாவது படத்தை இன்று மத்தியானம் பார்த்தோம். பறக்கும்போது ஒரு பயணியின் போன் அடிக்கிறது. உடனே விளக்கெல்லாம் மினுக்குகிறது, விமானம் தலைகுப்புறப் பாய்கிறது. பணிப்பெண் ஓடி வந்து எல்லாருடைய போனையும் ஒரு பைக்குள் பிடுங்கிப் போடுகிறாள். "ஒரு போனுக்கு விழுகுறதுன்னா தெனமும் நூறு விழுகணும்!" என்று கத்தினேன். அத்தா சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தச் சொன்னார்.

"நெசமாவே போன வாங்கிருவாங்களா?"

"வாங்க மாட்டாங்க."

"அமத்தியாவது வைக்கணும்ல. எம்புட்டு நேரம்?"

"துபாய்க்கு நாலு மணி நேரம். ஏத்தா, அதுவரைக்கும் போன் இல்லாம இருக்க முடியாதா? அப்புடி யாரு ஒங்களக் கூப்புடுறா?"

குத்தலாகத்தான் கேட்டேன், அம்மா. என் வாய் அப்படி. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார்.

"யாரும் கூப்புடலப்பா. உங்கம்மா பேசுனது கெடக்குல்ல இதுல."

அத்தாவின் கடையில் ஆள் இருக்கும்போது போன் அடித்தால் அவர் எரிந்து விழுவார் என்று நீ வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்புவாயே, அதெல்லாம் அழிக்காமல் வைத்திருக்கிறார். கடையில் உட்கார்ந்து கேட்கிறார், பஸ்ஸில் கேட்கிறார், பள்ளிவாசலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் கேட்கிறார். சிக்னல் இருந்தால்தான் உன் குரல் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வாரமாக நான் கதவையும் இறக்கையையும் பற்றிப் பேசியிருக்கிறேன். அவருக்கு வேண்டியிருந்தது, சிக்னல் இல்லாமலும் உன் குரல் வரும் என்ற பதில் மட்டும்.

போனை வாங்கி ஃபிளைட் மோடில் போட்டேன். மேலே சிக்னல் கோடுகள் மறைந்தன. "இப்ப நாம துபாய்க்குப் போய்க்கிட்டு இருக்கோம். அமுக்குங்க" என்றேன். அமுக்கினார். நீ பேசினாய்.

"ஏங்க, கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. போன தடவ மாதிரி வாடுனதத் தூக்கிட்டு வந்தீங்க, வீட்டுக்குள்ள விடமாட்டேன். அப்பறம்... ஒன்னுமில்ல, வாங்க."

"மேலயும் இப்புடியே கேக்குமா?"

"இப்புடியேதான்."

"அப்பச் சரி. எத்தன கிலோ கொண்டு போகலாம்? வெஞ்சனமாத் தொட்டுக்கக் கருவாடு வேணும்னு நஸ்ரின் கேட்டுச்சு."

அவர் மறுபடி அமுக்கினார். நான் எழுந்து மாடிக்கு வந்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து உன் குரல். இரண்டாவது தரம் கேட்க எனக்குத் தெம்பில்லை. இங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இனி நான் செய்யப்போவது:

1. இன்றைக்கே உன் பேச்சு அத்தனையையும் இன்னும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைப்பேன். அந்த போன் ஒரு தடவை தண்ணீரில் விழுந்தால் போதும்.

2. நானும் டிக்கெட் எடுத்து அத்தாவோடு மதுரையில் ஏறுவேன். இதற்கு மேல் லீவு தரமாட்டார்கள். சண்டை போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

3. வயர் வைத்த இயர்போன் ஒன்று வாங்குவேன். விமானம் மேலே ஏறியதும் ஒரு முனை அத்தா காதுக்கு, மறுமுனை என் காதுக்கு. இந்தத் தடவை எழுந்து போக மாட்டேன்.

நஸ்ரினுக்கு அண்ணன், உனக்கு ஒரே மகன்,
ரியாஸ்