இத்தா நாட்களில் ஒட்டிய விமானம்

என் பிரியமுள்ள மச்சான்,

நீங்கள் போன மறு வாரம் கூரியர்காரர் வாசலில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நம் மகள் தாஹிராதான் போய் வாங்கி வந்தாள். பிரித்தால் ஒட்டுப் பசை, மெல்லிய பிரஷ்கள், சின்னச் சின்னப் பெயின்ட் டப்பாக்கள். கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த கையோடு போனில் ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை? வந்த பிறகு காட்டிக்கொள்ளலாம் என்று இருந்தீர்களா?

எதற்காக வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். பீரோவுக்கு மேலே இருந்த ஸ்பிட்ஃபயர் பெட்டிக்காக. இரண்டாம் உலகப் போரில் பறந்த அந்தச் சண்டை விமானத்தைக் கைக்கடக்கமாய்ச் செய்து, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்பார்கள். ஒட்டிச் சேர்ப்பது நம் பாடு. நீங்கள் விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தபோது, தாஹிரா பிறந்த வருஷம், பெங்களூரில் வாங்கினீர்கள். "எல்லாம் பொடிப் பொடிப் பார்ட்டா இருக்கு நூரு. புள்ள எடுத்து வாயில போட்டுக்கிடும். பொறவு பாத்துக்கிடலாம்" என்றீர்கள். பிறகு ஊருக்கு வந்து மில்லில் ஷிஃப்ட்டு வேலை. அதற்குப் பிறகு கண்ணில் புரை. கண் தெளிந்து கொஞ்ச நாள்தான், டீ கிளாஸைக் கையில் வாங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

நான் அழவில்லை மச்சான். வந்த பெண்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை, என்ன செய்ய?

தாஹிரா கோயம்புத்தூர் கிளம்பும்போது, "இத்தா முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேம்மா. ஒத்தையில இந்த வீட்டுல என்ன செய்வ?" என்றாள். தலையாட்டி வைத்தேன்.

இத்தா என்றால் தெரியுமே, புருஷனை இழந்தவள் வாசற்படி தாண்டாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய மாதங்கள். முதலில் நாலு பேர் வந்து போனார்கள். பிறகு அதுவும் குறைந்தது. தண்ணீர் மோட்டார் போடுவது உங்கள் வேலை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பகலில் தெருவில் டவுன் பஸ் திரும்பும் சத்தம், தறிச் சத்தம். மற்றபடி ஒன்றுமில்லை. ஒரு நாள் நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன்.

உள்ளே இருந்த தாளில் படமும் நம்பரும்தான். அதுவே போதுமானதாக இருந்தது. பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். பழைய பிளாஸ்டிக், அழுத்தினால் முறிகிறது. ஒரு சக்கரத்தின் கால் அப்படித்தான் போயிற்று. பசை வைத்து நிறுத்தினேன், சற்றே சாய்ந்துதான் நிற்கிறது. விமானத்தின் உடம்பு இரண்டு பாதியாக இருந்தது. ஒட்டிவிட்டு, விலகாமல் இருக்கக் காஸ் துணியைச் சுற்றிக் கட்டினேன். பேண்டேஜ் கம்பெனி வேலையில் நான் அத்தனை வருஷம் மடித்த துணி, கைக்குப் பழக்கம்தானே.

கட்டுப் போட்ட விமானத்தோடு நான் உட்கார்ந்திருக்கும்போதுதான் உங்கள் தங்கச்சி ஆயிஷா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்ன மதினி இது? இத்தாவுல உக்காந்து பொம்மை செய்றீகளா? பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

"ஒங்க அண்ணன் வாங்கினது."

"அதுக்கு?"

இரண்டு இறக்கையிலும் பசை தடவி ஆயிற்று, எனக்கு இருப்பதோ இரண்டே கை. "அந்தப் பக்கத்தைச் செத்தப் பிடி" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து பிடித்தாள்.

"எம்புட்டு நேரம் பிடிக்கணும்?"

"காயிற வரைக்கும்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு இறக்கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளாகவே சொன்னாள். "சின்னதுல பருத்திக்கு மருந்தடிக்க ஏரோப்ளேன் வந்துச்சு மதினி. தலைக்கு மேல தாழ வந்துச்சு. நாங்க எல்லாம் பயந்து ஓடுறோம், அண்ணன் அது பின்னாலயே ஓடுதான். பொழுது சாயுற வரைக்கும் ஆளக் காணோம். தேவதானம் ஊருல இருந்து யாரோ சைக்கிள்ல வச்சுக் கொண்டாந்து விட்டாக. எங்க அத்தா அந்த அடி அடிச்சாக. அண்ணன் சிரிச்சுக்கிட்டே நின்னான்."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன். இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை மச்சான்? சொல்ல மறந்ததா, நான் கேட்கவில்லையா?

பெட்டியில் நகத்தளவில் ஒரு விமானியும் இருந்தான். நம் மார்க்கத்தில் ஆகாத மனுஷ உருவம் எதற்கு என்றாள் ஆயிஷா. நானும் வைக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதற்காக இல்லை. மேலே கண்ணாடியை ஒட்டிவிட்டால் அவனுக்கு வெளியே வர வழியில்லை. இந்த மாதங்களில் அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது.

பெயின்ட் அடித்து முடித்து, கடைசியாக இறக்கையில் ஒட்டும் வட்ட அடையாளம். தண்ணீரில் ஊறவைத்தால் தாளை விட்டு நழுவி வரும் என்று படத்தில் இருந்தது. முதலாவது ஒழுங்காக வந்தது. இரண்டாவதைக் கிண்ணத்தில் போட்டேன். அத்தனை வருஷத்துப் பழசு, பொடிப் பொடியாக உடைந்து தண்ணீரில் மிதந்தது. விரலால் சேர்க்கப் பார்த்தேன். சேரவில்லை.

அப்போதுதான் வந்தது மச்சான். எப்படி அழுதேன் என்று எனக்கே தெரியாது. போட்ட மோட்டாரை நான் நிறுத்தாமல், மாடியில் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா சுவரைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை.

இத்தா முடிந்தது. தாஹிராவுக்குப் போன் செய்து, "லீவுக்கு வாரேன். தங்குறதுக்கு வரல" என்றேன். "சரிம்மா" என்றாள். மறுநாள் விமானத்தை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். வெளியே வெயிலில் கண் கூசியது. ஊருக்கு மேற்கே மலை அதே இடத்தில் இருந்தது.

ஆயிஷா அதை ஜன்னல் பக்கம் வைத்து வெகுநேரம் பார்த்தாள். ஒரு இறக்கையில் வட்டம், இன்னொன்றில் வெறும் பெயின்ட். நான் கிளம்பும்போது எடுத்து நீட்டினாள்.

"ஒங்க வீட்டுல இருக்க வேண்டியது மதினி."

"ஏரோப்ளேன் பின்னாலயே ஓடினவரைப் பாத்தவ நீதானே. ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெறும் பெட்டியோடு திரும்பி வந்தேன். வீடு முன்பைவிட அமைதியாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்துக்கு ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூர் போவது என்று வைத்திருக்கிறேன். நான் உங்களுக்குக் கழுத்தை நீட்டுவதற்கு முன்னால் நீங்கள் யாராக இருந்தீர்கள் என்று அவளிடம் கேட்பேன். அவளுக்குத் தெரிந்தது தீரும்வரை கேட்பேன். இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டேன், இனி விடமாட்டேன் மச்சான்.

உங்கள்,
நூர்ஜஹான்