மார்பிலிருந்து வாய்க்கு வந்த சதை

பத்து வருடம் விசிலடித்தே என்னை ஓட்டிய தேவராஜ் மச்சானுக்கு,

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேப்பரை எடுக்கிறேன், வைக்கிறேன். வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறேன். "ஒரு எடத்துல குந்தேன்யா, எனக்குத் தலை சுத்துது" என்று உன் தங்கச்சி ஸ்டெல்லா திட்டிவிட்டாள். உட்கார்ந்தால் உன்னோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

நேற்று நம் இரும்புலியூர் வீட்டுக்கு ஒரு அம்மா வந்தார். கணவர் செம்பாக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். வாயில் புற்று வந்து, கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு வைத்து, புற்று போய்விட்டது. இரண்டு வருடம் கழித்து இப்போது தாடை எலும்பு வெளியே தெரிகிறதாம். உனக்கு ஆபரேஷன் செய்த அதே டாக்டரம்மா, மார்புச் சதையால் மூடலாம் என்கிறார். என் விலாசம் கொடுத்ததும் அவர்தான். வாத்தியார் மாட்டேன் என்கிறார்.

"கூட இருந்து பார்த்தவங்க சொன்னா கேப்பாரு சார். நாளன்னிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று அந்த அம்மா கையைப் பிசைந்தார். சரி என்றுவிட்டேன். என்ன சொல்லப் போகிறேன்? உனக்கு என்ன சொன்னேன் என்பதே இன்னும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறதே.

எண்பதுகளின் கடைசி அது. தாம்பரம் பிராட்வே வண்டியில் நான் டிரைவர், நீ கண்டக்டர். உனக்கும் வாயில் புற்று வந்து, கரண்ட் முடிந்து வேலைக்குத் திரும்பினாய். டிக்கெட் கிழிக்க விரலை நாக்கில் வைத்தால் ஈரமில்லை. குரோம்பேட்டை தாண்டுவதற்குள் தண்ணீர் பாட்டில் காலி. "இது வாயா மச்சான்? செங்கச்சூளை" என்றாய். விசில் ஊதவும் வரவில்லை. கம்பியில் தட்டித்தான் வண்டியை எடுக்கச் சொன்னாய்.

பிறகு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய இடம் ஏழு மாதமாகியும் மூடவில்லை. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கன்னத்தில் ஓட்டை விழுந்து, கஞ்சி குடித்தால் வெளியே வழிந்தது. துண்டைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிச் சாப்பிடப் பழகினாய். பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்பதற்காக.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "கரண்ட் பட்ட எடத்துல ரத்த ஓட்டம் செத்துப்போயிடும். அந்தச் சதை தானா ஆறாது. செத்த எலும்பை எடுத்துட்டு, மார்புலேருந்து ரத்தக்குழாயோட சதையைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறோம். பிடிச்சா மூடிடும். பிடிக்காமலும் போகலாம். அப்ப ஓட்டை இதைவிடப் பெருசாயிடும். அவருக்கும் சொல்லியிருக்கேன். நீங்களும் புரியவைங்க."

கட்டிலருகே வந்தேன். "அந்தம்மா இன்னாவோ சொல்லிச்சி, பாதி புரியல. நீ சொல்லு மச்சான், இன்னா கதை?" என்று கேட்டாய்.

"ஒண்ணுமில்ல மச்சான். டியூபுல பஞ்சர் ஒட்ற மாதிரிதான். பத்து நாள்ல வூட்டுக்கு வந்துடலாம்."

"நெசமாவா?"

"உன்னாண்ட பொய் சொல்வேனா?"

நீ கையெழுத்துப் போட்டாய்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை கட்டைப் பிரித்தார்கள். வைத்த சதையின் ஓரம் கறுத்திருந்தது. டாக்டரம்மா ஒரு ஊசியை எடுத்து நடுவில் குத்தினார். ஒன்றும் வரவில்லை. பிறகு சிவப்பாக ஒரு சொட்டு மெல்ல எட்டிப் பார்த்தது. "உயிர் இருக்கு" என்றார். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன். டீ குடிக்கப் போனேன் என்று நீ நினைத்துக்கொண்டாய்.

ஓரம் மட்டும் உதிர்ந்து மிச்சம் பிடித்துவிட்டது. நான் பத்து நாள் என்றேன். நாற்பது நாள் ஆனது. வீட்டுக்கு வந்து, ஸ்டெல்லா குழைத்துக் கொடுத்த இட்லியைப் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாய். ஒரு சொட்டு வழியவில்லை. சில மாதம் கழித்துக் கண்ணாடியோடு ஓடி வந்தாய். "டேய் ஆல்பர்ட்டு, வாய்க்குள்ள முடி மொளைச்சிக்கினு கீதுடா! இனிமே சலூன்ல வாயைத் தொறந்து குந்தணுமா?" மார்புச் சதை இடம் மாறியும் தன் குணத்தை விடவில்லை. அன்று நாம் சிரித்த சிரிப்பு!

இன்னொரு நாள் சாதாரணமாகக் கேட்டாய், "அன்னிக்கு டாக்டரம்மா உன்னாண்ட வேற ஏதோ சொல்லிச்சில்ல?" நான் பேச்சை மாற்றினேன். நீயும் விட்டுவிட்டாய். ஆபரேஷன் முடிந்து பதினாலு மாதம் கழித்துப் புற்று நுரையீரலில் வந்தது, நீயும் போய்விட்டாய். அதற்கு மேல் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாயா? மாட்டாய் என்றால், அந்த இட்லியும் சிரிப்பும் ஏது? ஆனால் வாய் உன்னுடையது, மச்சான். முடிவு மட்டும் எப்படி என்னுடையதாயிற்று?

உனக்குக் கடைசிவரை ஊறாத எச்சிலைத் திரும்ப ஊறவைக்க வெளிநாட்டில் எலிகளை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்களாம். டாக்டரம்மா சொன்னதாக அந்த அம்மா சொன்னார். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

சற்று முன் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் முதல்தடவை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அண்ணனுக்கு நீ சொன்னது பொய்னு தெரிஞ்சிருக்கும். உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுமே. அண்ணன் உன்னை மன்னிச்சிருக்கும். அந்த வாத்தியாரு எதுக்குய்யா உன்னை மன்னிக்கணும்?"

நாளைக் காலை செம்பாக்கம் போகிறேன். அந்த டாக்டரம்மா எனக்குச் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் வாத்தியாருக்குச் சொல்வேன். நீ எத்தனை நாள் இருந்தாய் என்று கேட்டால் அதையும் சொல்வேன். அவர் வேண்டாம் என்றால், வற்புறுத்தாமல் எழுந்து வருவேன். வேண்டும் என்றால், அவர் போதும் என்னும் வரை கூட இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன்னிடம் ஒரே ஒரு பொய் சொன்னவன்,
உன் மச்சான் ஆல்பர்ட்