சுனை வற்றிய செய்தி

தம்பி வெற்றிசெல்வனுக்கு,

அக்கா மகேஸ்வரி எழுதுவது. நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. போனில் பேசினால் நீ சமாதானம் சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, வெள்ளிமலைக்குப் போகும் மூக்கன் மாமாவிடம் தபாலில் போடக் கொடுக்கிறேன்.

சென்னையில் உட்கார்ந்து தினமும் டிவியில் அறிவியல் செய்தி படிக்கிறாயே, இதையும் படி. நம் சுனை வற்றிவிட்டது. சேறுகூட இல்லை, வெடித்துக் கிடக்கிறது.

தை மாதம் நீ ஊருக்கு வந்தபோது, மலைத் தண்ணீர் பற்றிய ஏதோ ஆராய்ச்சிச் செய்திக்காக என்று சுனைக்கரையில் நின்று வீடியோ எடுத்தாய். கையில் தண்ணீரை அள்ளிக் காட்டி, "எங்க மலைக்கு அடியில தண்ணி ஜாஸ்தி, எத்தினி வருஷம் மழ இல்லாட்டியும் இது வத்தாது" என்றாய். யார் சொன்னது உனக்கு? ஆராய்ச்சி செய்தவர்கள் நம் சுனையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கடைசி வரி உன் சொந்தச் சரக்கு.

அதைப் பார்த்துத்தான் மலைக்குக் கீழேயிருந்து கீழ்நாட்டுக்காரன் ஒருவன் வந்தான். சுனைக்கு மேலே இருக்கும் நம் பங்காளி சடையன் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலா வருகிறவர்களுக்குக் கூடாரம் போட்டான். ஆழ்துளை போடும் போர் வண்டி மலையேறி வந்தது. வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் ஊர் பேர் கேட்கக் கூடாது என்பது நம் வழக்கம். வண்டி ஆட்களுக்குச் சுனைத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான், "இந்த ஊத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுக்கா?" என்று கேட்டார்கள். கையை நீட்டிக் காட்டினேன். காட்டிய இடத்திலேயே துளை போட்டார்கள். தண்ணீர் பீறிட்டபோது ஊரே நின்று கைதட்டியது. நம் பிள்ளை சொன்னது பலித்தது என்று அம்மாவுக்கு அவ்வளவு பெருமை.

இப்போது அந்த அம்மா தண்ணீருக்காகக் கீழ் ஓடைக்கு இறங்கி, பாறையில் வழுக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். விதைத்த சாமை முளையிலேயே கருகிவிட்டது. காற்றழுத்தத் தாழ்வு, கனமழை என்று நீ படிக்கிறாய். இங்கே மேகம் வருகிறது, அப்படியே போகிறது.

போரை மூடச் சொல்லி ஊரோடு போய் மனு கொடுத்தோம். மனுவை வாங்கிய அதிகாரி செல்போனில் உன் வீடியோவைப் போட்டு, "உங்க ஊர்ப் புள்ளயே வத்தாதுன்னு சொல்லிகிறான், நீங்க இன்னாம்மா வத்திட்ச்சின்னு சொல்லிக்கினு வந்துகிறீங்க?" என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இன்னொரு வீடியோ போடச் சொல்லி மூக்கன் மாமா உன்னைக் கேட்டாரே, "அப்பால யாரு மாமா என்ன நம்புவாங்க?" என்றாயாம். இங்கே யாரும் இப்போதே உன்னை நம்பவில்லை. அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

உனக்குச் சொல்லவே கூடாது என்றிருந்தேன். உன் அக்கா மகள் இலக்கியா பெரியவளாகிவிட்டாள். ஒதுக்குக் குடிசையில் உட்கார்ந்திருக்கிறாள். தாய்மாமன் முதல் குடம் ஊற்றாமல் அவளை வீட்டுக்குள் அழைக்க முடியாது. போர்த் தண்ணீரை வாங்கி ஊற்றி, காரியத்தை முடி என்கிறான் சடையன். உனக்குப் பதில் தன் மகனை நிறுத்துகிறேன் என்கிறான். அந்தத் தண்ணீரும் வேண்டாம், அவன் மகனும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

நீ வா. முதலில் வெடித்த சுனையில் இறங்கி நின்று, உலகம் பார்க்க உண்மையைச் சொல். பிறகு ஓடையில் இறங்கி, ஒரு குடம் சுமந்து என் வாசலுக்கு வா. உன்னைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும், இருந்தாலும் வா. நீ வரும்வரை என் மகள் தலையில் வேறு யார் கையாலும் தண்ணீர் விழ விடமாட்டேன்.

நன்றாக இரு.

உன் அக்கா,
மகேஸ்வரி